துப்பாக்கிக்குத் தடை உள்ள இடத்துக்குப் போகலாமா? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் சிலர் கைத்துப்பாக்கி வாங்கி, உரிமமும் எடுத்து, வெளியே கிளம்பும்போது இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் பள்ளி, நீதிமன்றம், தபால் நிலையம், விளையாட்டு அரங்கம் என்று பல இடங்களுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று தெரியவரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. போவதா, போகாமல் இருப்பதா? போனால் துப்பாக்கியை என்ன செய்வது? நானும் டெக்சாஸ் உரிமம் உள்ளவன்தான். அதனால் டெக்சாஸ் சட்டத்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் கூடும், விதிகளும் மாறும். சொந்த வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

டெக்சாஸில் இப்போது உரிமமே தேவையில்லையாமே?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பியவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாதவர் என்றால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். 2024-இல் சவுத் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபின் இப்படி அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன.

இருந்தாலும் உரிமம் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று 1990-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. சான் அன்டோனியோ பள்ளி மாணவர் ஒருவரின் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாடாளுமன்றம் அடுத்த வருடமே திருத்தி மறுபடி கொண்டுவந்துவிட்டது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஊருக்குள் கார் ஓட்டினால், ஒரு நாளில் எத்தனை பள்ளிகளைக் கடந்து போவார் என்று எண்ணிப் பாருங்கள். வேறு மாநில உரிமமும் இதற்கு உதவாது.

உரிமம் இருந்தாலும் போகக்கூடாத இடங்கள் எவை?

டெக்சாஸில் பள்ளிக் கட்டடம், வாக்குச்சாவடி, நீதிமன்றம், சிறை, விமான நிலையத்தில் சோதனைக்கு அப்பால் உள்ள பகுதி, வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வரும் பார். இவை முக்கியமானவை. பாரின் வாசலில் சிவப்பு நிறத்தில் பெரிதாக 51 என்று போட்ட பலகை இருக்கும். இந்த இடங்களுக்குள் கொண்டுபோவது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். தண்டனை 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. இங்கே "கட்டடம்" என்பதில் பார்க்கிங்கும் நடைபாதையும் பொதுவாகச் சேராது.

மத்திய அரசு அலுவலகங்களுக்குத் தனிச் சட்டம். சமூகப் பாதுகாப்பு அலுவலகம், குடியேற்ற அலுவலகம் எல்லாம் இதில் வரும். தபால் நிலையத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே பார்க்கிங்கும் தடைக்குள் அடங்கும். பார்சல் போடப் போகிறவர் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு இறங்கினாலும் விதிமீறல்தான். இந்தத் தபால் நிலையத் தடையை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்து, சில நீதிபதிகள் தடைக்கு எதிராகவும் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் சோதனை செய்துபார்க்க வேண்டாம். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டமே செல்லும். ஆனால் அங்குள்ள பார்வையாளர் மையம் மத்திய அரசுக் கட்டடம், அதற்குள் கூடாது.

கடை வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அது வெறும் வேண்டுகோளா, சட்டமா?

மாநிலத்துக்கு மாநிலம் இது தலைகீழாக மாறும். டெக்சாஸில் சட்டப் பிரிவு எண்ணை வைத்தே பலகைகளைக் குறிப்பிடுவார்கள். 30.06 பலகை இருந்தால் மறைத்து வைத்த துப்பாக்கியும், 30.07 இருந்தால் வெளியே தெரியும்படி வைத்ததும் கூடாது. உரிமம் இல்லாதவர்களுக்கு 30.05. சில கடைகளில் மூன்றும் வரிசையாக ஒட்டியிருக்கும். சட்டம் சொன்ன வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஸ்டிக்கர் உரிமம் உள்ளவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் கடைக்காரர் வாய்விட்டு "வெளியே போங்கள்" என்று சொல்லிவிட்டால், போயே ஆக வேண்டும். பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம். சொல்லியும் போகாமல் நின்றால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

இலினாயில் நிலைமை வேறு. அங்கே 4-க்கு 6 அங்குல அளவில், அந்தக் குறுக்குக்கோட்டுப் படம் போட்ட பலகையே சட்டம். ஃப்ளோரிடாவில் பலகைக்கு மட்டும் தனிச் சட்டபலம் இல்லை. வெளியேறச் சொல்லியும் மறுத்தால்தான் அத்துமீறல் வழக்கு.

ஸ்டிக்கர் சரியான அளவில் இல்லை என்று வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒருவர் தன் கடையில் வேண்டாம் என்கிறார், அது புரிந்துவிட்டது. அது போதும்.

சரி, போகலாமா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது?

முதலில் துப்பாக்கியை மறந்துவிட்டு, அந்த இடம் உங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்று பாருங்கள். கட்டாயம் வேண்டிய இடம் என்றால் துப்பாக்கி இல்லாமல் போங்கள். வேண்டாத இடம் என்றால் போகாமல் விடுங்கள். ஒளித்து எடுத்துப்போவது என்ற மூன்றாவது வழியை அடியோடு எடுத்துவிடுங்கள்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இடுப்பில் இருப்பதை முதலில் வைத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஓட்டுப் போடப் போக மாட்டார்கள், நூலகத்துக்குப் போக மாட்டார்கள், அடிபட்டுப் படுத்திருக்கும் நண்பரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க மாட்டார்கள். குடும்பத்தைப் பாதுகாக்க வாங்கியது, குடும்பத்தோடு போகும் இடங்களைத் தடுப்பதாக ஆகிவிடக் கூடாது.

வேண்டிய இடம்தான், ஆனால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். வெளிச்சமான இடத்தில் காரை நிறுத்துங்கள். உள்ளே போனதும் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்துவையுங்கள். ஓர் ஆபத்து வந்தால், துப்பாக்கி இருக்கும்போதும் முதலில் செய்ய வேண்டியது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதுதான். எந்தப் பயிற்சியாளரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

தடை உள்ள இடத்தில்தான் கொலைகாரர்கள் வருகிறார்கள் என்கிறார்களே?

இந்த வாதத்துக்கு டெக்சாஸில் ஒரு ஆழமான வேர் இருக்கிறது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரத்தில், லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதிக்கொண்டு நுழைந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தன் தாய் தந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் சூசானா ஹப். அவரிடம் துப்பாக்கி இருந்தது, ஆனால் காரில். கைப்பையில் வைத்துக்கொண்டு போவது அப்போது சட்டவிரோதம். பிடிபட்டால் தொழில் உரிமம் போய்விடும் என்று அஞ்சி வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். தாயும் தந்தையும் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அவர் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சி சொன்னார். 1995-இல் டெக்சாஸில் உரிமச் சட்டம் வந்தது. 1996-இல் அவரே சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவர் சொல்வதை யாரும் அலட்சியமாக ஒதுக்க முடியாது. நானும் ஒதுக்கவில்லை.

அதே சமயம் 2019 டிசம்பர் 29 அன்று வொய்ட் செட்டில்மென்ட் ஊரில் நடந்ததையும் முழுதாகப் பார்க்க வேண்டும். தேவாலயத்தில் பிரார்த்தனை நடுவே ஒருவன் சுடத் தொடங்கினான். தொண்டர் பாதுகாப்புக் குழுவை நடத்திவந்த ஜாக் வில்சன் ஆறு விநாடிகளுக்குள் அவனை ஒரே குண்டில் வீழ்த்தினார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆறு விநாடிக்குள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அதே பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர், தன் துப்பாக்கியை எடுக்க முயன்றபோதே சுடப்பட்டார். வில்சன் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர். காவல்துறையில் ரிசர்வ் பணியிலும் இருந்தவர். உரிமத்துக்காக ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து வந்த நமக்கும் அவருக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் துப்பாக்கிச் சட்ட ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து வருகிறது. தடைப் பகுதிகளால் கூட்டக்கொலை கூடுகிறதா குறைகிறதா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே "தடைப்பலகை வைத்த இடம் கொலைக்களம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துப் பிள்ளையின் பள்ளிக்கூட்டத்தைத் தவிர்க்காதீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். அந்த ஆபத்து உணவகத்திலும் பள்ளியிலும் இல்லை, பூட்டாத மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

குனியும்போது சட்டை மேலே ஏறும். குழந்தை வந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். மயக்கம் போட்டு விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர் சட்டையைக் கத்தரிப்பார்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கிரீன் கார்டில் இருப்பவர், சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டிக்கப்பட்டால், அதுவே நாடுகடத்தக் காரணமாகலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. இங்கே பிறந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அபராதத்தோடும் வழக்கறிஞர் செலவோடும் முடிகிற விஷயம், உங்களுக்கு இருபது வருட வாழ்க்கையின் கேள்வியாகிவிடும். துப்பாக்கிக் குழுமங்களில் "மறைத்து வை, வாயைத் திறக்காதே" என்று ஆலோசனை சொல்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

உங்களுக்கு முதல் கேள்வியே வேறு. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். 2022-க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை. விலக்குகளில் நம்மவர்கள் அதிகம் கேட்பது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அந்த வழியில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேட்டை உரிமத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அது முடிந்த மறுநாள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடுகிறது. கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருங்கள் என்பதுதான் என் எண்ணம்.

காரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமே?

டெக்சாஸில் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி போகலாம். உரிமம் உள்ள ஊழியர் பூட்டிய சொந்தக் காரில் வைத்திருப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது என்று 2011-இல் சட்டமே வந்திருக்கிறது.

ஆனால் இதைப் பழக்கமாக்காதீர்கள். அரங்கத்துக்கும் பாருக்கும் வெளியே இருக்கும் பார்க்கிங்கில் எந்தக் கார்களில் துப்பாக்கி இருக்கும் என்று திருடர்களுக்கு நன்றாகவே தெரியும். துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைத் தேடி வந்து கண்ணாடியை உடைப்பார்கள். க்ளோவ் பாக்ஸின் பூட்டை ஒரு ஸ்க்ரூட்ரைவரால் திறந்துவிடலாம். உங்களிடமிருந்து போன துப்பாக்கி அடுத்து யார் கையில் இருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வராது.

வேறு வழியே இல்லாத நாளில், இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடம் போட்டுப் பிணைத்த சிறு பெட்டகம் வேண்டும். போய்ச் சேர்ந்த பார்க்கிங்கில் எல்லோரும் பார்க்க இடுப்பிலிருந்து கழற்றாதீர்கள். கிளம்பும் முன்பே பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். துப்பாக்கியை எடுப்பதும் வைப்பதும் எத்தனை தடவையோ, தவறி வெடிக்க அத்தனை வாய்ப்பு. அன்று போகும் இடங்களில் ஒன்றுக்குத் தடை இருந்தாலும் வீட்டுப் பெட்டகத்திலேயே விட்டுப் போய்விடுவதுதான் என் வழக்கம்.

கோவிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும்?

தமிழ்ப் பள்ளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகள் பல ஊர்களில் அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றாலும், வாடகை கொடுத்தது நம் சங்கம் என்றாலும், அது பள்ளிக் கட்டடமேதான். பொங்கல் விழாவுக்குப் பள்ளி அரங்கத்தை எடுத்தாலும் இதே கதைதான். பிள்ளையை இறக்கிவிட்டுக் காரிலேயே இருப்பவருக்கும், உள்ளே வந்து வகுப்பு எடுப்பவருக்கும் சட்டம் வேறு வேறு.

கோவில் விஷயத்தில், 2019-இல் செய்த திருத்தத்தின்படி வழிபாட்டு இடங்களில் நிர்வாகம் பலகை வைத்தோ சொல்லியோ தடுத்தால் மட்டுமே உரிமம் உள்ளவருக்குத் தடை. கோவில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். 2012-இல் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, நம் வழிபாட்டு இடங்களிலும் இந்தப் பயம் வந்ததை நான் அறிவேன். அதற்கு ஆளுக்கொரு துப்பாக்கியோடு சந்நிதியில் நிற்பது தீர்வாகாது. கூட்டம் அதிகமான நாளில் போலீசார் வந்தால், சுட வந்தவனையும் உங்களையும் எப்படிப் பிரித்தறிவார்கள்? விழா நாட்களில் பணி நேரத்துக்கு வெளியே வரும் போலீஸ்காரரைக் கூலிக்கு அமர்த்தலாம். கதவு, கேமரா போன்றவற்றுக்கு லாபநோக்கில்லா அமைப்புகளுக்கான மத்திய அரசுப் பாதுகாப்பு மானியம் இருக்கிறது, கோவில்களும் விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

நண்பர் வீட்டு விருந்துக்கு?

வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நம் வீட்டு விருந்துகளில் கோட்டும் கைப்பையும் ஏதோ ஒரு படுக்கையறைக் கட்டிலில் குவிந்திருக்கும். குழந்தைகள் விளையாடுவதும் அதே அறையில்தான்.

ஸ்டேட் ஃபேர், விளையாட்டு அரங்கம், டிஸ்னி?

டாலஸில் வருடா வருடம் நடக்கும் ஸ்டேட் ஃபேர் என்ற பெரிய பொருட்காட்சியில் 2023 அக்டோபரில் ஒருவன் சுட்டதில் மூன்று பேர் காயமடைந்தார்கள். அடுத்த வருடம் நிர்வாகம் துப்பாக்கிக்குத் தடை போட்டது. அரசு நிலத்தில் எப்படித் தடுக்கலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது; தடை நின்றது. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) அரங்கங்களிலும் டிஸ்னி பூங்காக்களிலும் தடையும் உண்டு, வாசலில் சோதனையும் உண்டு.

எல்லோரையும் சோதித்து உள்ளே விடும் இடத்துக்குத் துப்பாக்கி இல்லாமல் போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பலகையை மட்டும் ஒட்டிவிட்டு, காவலுக்கு ஒருவர்கூட இல்லாத இடத்தை வேறாகத்தான் பார்க்க வேண்டும். அங்கே போவது அவசியமில்லை என்றால் நான் போக மாட்டேன்.

தடை போட்ட கடையைப் புறக்கணிக்கலாமா?

தாராளமாக. வேறு கடைக்குப் போங்கள், காரணத்தை மேலாளருக்குப் பணிவாக இரண்டு வரி எழுதுங்கள். கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் போய், துப்பாக்கி உரிமை பற்றிய அரசியல் சட்டத் திருத்தம் பேசாதீர்கள். அந்தப் பலகையை அவர் வைக்கவில்லை.

என் கணவர் துப்பாக்கி இல்லாமல் எங்கேயும் வர மறுக்கிறார். பிள்ளையின் பள்ளி விழாவுக்குக்கூட வருவதில்லை. என்ன செய்வது?

இதற்குப் பின்னால் ஏதாவது நடந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடையில் கொள்ளை, வீட்டில் திருட்டு, வேலையிடத்தில் மிரட்டல். நம் ஆண்கள் இதையெல்லாம் வீட்டில் சொல்வதில்லை. குறிப்பிட்ட ஓர் ஆள் மிரட்டுகிறார் என்றால் போலீசில் எழுதிக் கொடுத்து, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு வழி பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல், நாள் முழுக்கச் செய்தி பார்த்து வந்த பயம் என்றால், அதற்கும் உதவி தேவை. மனநல ஆலோசகரிடம் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. சண்டை போட்டுத் துப்பாக்கியை விற்க வைக்க முயலாதீர்கள். "இந்த ஒரு மாலைக்கு மட்டும் பெட்டகத்தில் வைத்துவிட்டு வாருங்கள், கடைசி வரிசையில் வாசல் பக்கம் உட்காரலாம்" என்று தொடங்குங்கள். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை பேச்சு சுலபம்.

வேறு மாநிலம் போகும்போது?

நியூயார்க், இலினாய், கலிஃபோர்னியா மூன்றும் டெக்சாஸ் உரிமத்தை ஏற்பதில்லை. 2022 ஜூனில் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமம் கேட்பவர் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் பழைய கட்டுப்பாட்டை நீக்கியதும், அந்த மாநிலம் டைம்ஸ் ஸ்கொயர், சுரங்க ரயில், பூங்கா என்று நீளமாகத் தடை இடப் பட்டியல் போட்டுவிட்டது. உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழியக் கடைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்ற ஹவாயின் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. உறவினரைப் பார்க்க நியூஜெர்சி போகிறீர்கள் என்றால், துப்பாக்கி டெக்சாஸிலேயே இருக்கட்டும்.

வழியில் கடந்து போவதற்கு 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், குண்டு நீக்கி, கைக்கெட்டாத டிக்கியில் பூட்டி எடுத்துப் போகலாம். அதையே முழுக்க நம்பவும் முடியாது. 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் நியூஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் முறைப்படி துப்பாக்கி இருப்பதை அறிவித்தபோது கைதானார். பின்னர் அவர் போட்ட வழக்கும் தோற்றது. பெட்டி கைக்கெட்டும்படி இருந்ததே காரணம்.

விமானத்தில் ஊருக்குப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

2024-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. பெரும்பாலானவற்றில் குண்டு இருந்தது. மறந்துவிட்டேன் என்பதுதான் வழக்கமான பதில்.

சென்னைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியை எடுத்துப்போவதில்லை, தெரியும். ஆபத்து பையில் இருக்கிறது. சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோன அதே முதுகுப்பையில் துணியை அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அடியில் ஒரு தோட்டா உருண்டு கிடக்கும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா இருந்தாலும் வழக்குப் பாயும். தெரியாமல் பையில் இருந்தது என்று நிரூபித்தவர்களின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்குள் விடுப்பு முடிந்து, விமானம் போய், இங்கே வேலையும் சிக்கலாகிவிடும். பயிற்சிக்கு என்று ஒரு பை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். வீட்டில் வேறு யாராவது அதைக் கடன் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.